மண் இங்கே, வித்தை அங்கே

2025 அக்டோபர் 26-ஆம் தேதி, ஆசியான் உச்சநிலை மாநாட்டுக்காகக் கோலாலம்பூர் வந்திருந்த அமெரிக்க அதிபர் டிரம்பும் நம் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் ஒரு வர்த்தக உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே முக்கியக் கனிமங்கள் பற்றிய புரிந்துணர்வுக் குறிப்பு ஒன்றும் கையெழுத்தானது. அமெரிக்காவுக்குப் போகும் முக்கியக் கனிமங்களுக்கும் அரிய மண் தனிமங்களுக்கும் மலேசியா தடையோ கோட்டாவோ விதிக்காது என்ற வாசகம் வெளியே வந்ததுதான் தாமதம், பேராக்கின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. "நம்ம மண்ண அள்ளிக் குடுத்துட்டு வந்துட்டாங்க" என்பது ஒரு கட்சி. "கச்சா மண்ணுக்குப் போட்ட தடை அப்படியேதான் இருக்கு, படிச்சிட்டுப் பேசுங்கண்ணே" என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சி சொன்னது உண்மை. பதப்படுத்தாத அரிய மண் ஏற்றுமதிக்கு 2024 ஜனவரி 1 முதல் மலேசியா தடை போட்டிருக்கிறது. கையெழுத்துக்குப் பிறகும் அது நீடிக்கிறது என்று அமைச்சர்கள் சொன்னார்கள். ஆனால் முதல் கட்சிக்காரர்களின் பயத்தையும் சும்மா தள்ளிவிட முடியாது. வெளியூர்க்காரனுக்கு அவசரமாகத் தேவைப்படும் ஒரு பொருள் நம் காலடியில் கிடந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பதைத் தோட்டத்து ஊர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரப்பரில் அதை மூன்று தலைமுறை பார்த்தாயிற்று.

முதலில் இந்த அரிய மண் என்ன பொருள் என்று பார்த்துவிடலாம். ஊரில் ஏர்கான், டிவி, கணினி எல்லாம் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடைக்குப் பின்னால் செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். நட்சத்திர வாய் வைத்த சின்ன ஸ்குரூ டிரைவரால் ஆறேழு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். தட்டு ஓரத்தில், பிறை வடிவத்தில், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளவென்று ஒரு துண்டு. "விரலப் பாத்துக்குங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டைப் பக்கத்தில் கொண்டுபோனார். டப்பென்று ஒட்டிக்கொண்டன. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவர் இழுக்கவில்லை, பக்கவாட்டில் தள்ளி நழுவவிட்டுப் பிரித்தார். மோதிய இடத்தில் நிக்கல் பூச்சு பெயர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது. "இது இரும்பு கெடயாது, சட்டி ஒடையிற மாதிரி ஒடஞ்சிரும்" என்றார்.

அந்தச் சாம்பல்தான் நியோடைமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த காந்தம். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரிய மண் தனிமம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் இதைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: சூடு ஏறினால் காந்த சக்தி இறங்கும். மின்சாரக் காரின் மோட்டார் மாதிரி கொதிக்கிற இடத்தில் வேலை செய்ய வேண்டுமானால் கொஞ்சம் டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்க வேண்டும். கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் கார் நகராது. ஓர் எஃப்-35 போர் விமானத்தில் 400 கிலோவுக்கு மேல் அரிய மண் தனிமங்கள் இருப்பதாக அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வறிக்கையே சொல்கிறது.

இந்தக் குடும்பத்தில் மொத்தம் 17 தனிமங்கள். லாந்தனைடு வரிசையில் 15, கூடவே ஸ்காண்டியமும் இட்ரியமும். பூமியில் பல இடங்களில் கிடைக்கின்றன. பெருந்தொகையாக ஓரிடத்தில் கிடைப்பதுதான் அபூர்வம். 2024-இல் உலகம் முழுக்கத் தோண்டியது சுமார் 3,90,000 டன் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் கணக்கு. அதில் சீனா மட்டும் 2,70,000 டன். தோண்டுவதில் பத்துக்கு ஏழு. பிரித்துச் சுத்தம் செய்வதிலும் காந்தம் செய்வதிலும் போனால் பத்துக்கு ஒன்பது பக்கம். டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனரக வகைகளைப் பிரிப்பது சமீப காலம் வரை ஏறக்குறைய முழுக்கவே சீனாவின் கையில்தான் இருந்தது.

2025 ஏப்ரல் 4-ஆம் தேதி சீனா அந்தக் கையை மூடிக் காட்டியது. சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழுக்கும் ஏற்றுமதி உரிமம் வாங்க வேண்டும் என்று அறிவித்தது. தடை என்று சொல்லவில்லை, உரிமம் என்றுதான் சொன்னது. ஆனால் உரிமம் வர வாரக்கணக்கானது. ஃபோர்டு தன் சிகாகோ ஆலையை ஒரு வாரம் மூடியது. ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் கார் உற்பத்தியை நிறுத்தி வைத்தது. ஒரு காருக்குள் போகும் காந்தத்தின் விலை, கார் விலையில் சில்லறைக் காசு. அந்தச் சில்லறை இல்லாமல் ஆலை நின்றது. அதற்கு முன்பே 2023 ஆகஸ்டில் சிப் தொழிலுக்கு வேண்டிய காலியமும் ஜெர்மேனியமும் உரிமத்துக்குள் வந்துவிட்டன. நம்மவர்கள் அதிகம் கவனிக்காத அறிவிப்பு அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. அரிய மண்ணைப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்தையே வெளிநாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று சீனா தடை போட்டது. என் கணக்கில் மலேசியாவைப் பொறுத்தவரை மற்ற எல்லாத் தடைகளையும்விட இதுதான் பெரியது.

காரணம், இந்த வியாபாரத்தில் மண்ணைவிடப் பிரிக்கும் வித்தை பெரிது. 17 தனிமங்களும் வேதியியல் குணத்தில் ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நியோடைமியத்தையும் பிரசியோடைமியத்தையும் தனித்தனியாக எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கனிமத்தை அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலை ஒரு வகைக் கரிமத் திரவத்தோடு கலக்கிப் பிரிய விடுவார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தனிமம் மற்றொன்றைவிடத் துளியளவு அதிகமாக மேலே ஏறும். அந்தத் துளி வித்தியாசத்தைப் பெருக்க நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக வைத்து வாரக்கணக்கில் ஓட்ட வேண்டும். இதைக் கணக்குப் போட்டுச் செய்யும் முறையை 1970-களில் வகுத்தவர் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் சூ குவாங்சியன். 2008-இல் சீனாவின் மிக உயர்ந்த அறிவியல் விருது அவருக்குப் போனது. ஒரு வேதியியல் வாத்தியாரின் கணக்கு இன்று போர்க்கப்பல்கள் சாதிக்காததைச் சாதிக்கிறது.

அமெரிக்காவுக்கு இது தெரியாத வித்தையா? கலிஃபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம்தான் 1960-களிலிருந்து 80-கள் வரை உலகத்துக்கே அரிய மண் கொடுத்தது. கதிரியக்கக் கழிவுநீர்க் கசிவு, சீனாவின் மலிவு விலை இரண்டும் சேர்ந்து நெருக்க, 2002-இல் அது மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தொடங்கிய மாக்னக்வென்ச் காந்த நிறுவனம் 1995-இல் சீனத் தொடர்புள்ள கூட்டு ஒன்றின் கைக்குப் போனது. பின்னர் இண்டியானாவில் இருந்த வேலை சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் திருடவில்லை. லாபம் குறைவு, நாற்றம் அதிகம் என்று விற்றார்கள். இப்போது அதே வித்தையைத் திரும்ப வாங்க அமெரிக்கத் தற்காப்புத் துறை 2025 ஜூலையில் மவுண்டன் பாஸ் உரிமையாளரிடம் 400 மில்லியன் டாலர் பங்கு வாங்கி, நியோடைமியம்-பிரசியோடைமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் என்று அடிமட்ட விலைக்கும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. சந்தை, சுதந்திரப் போட்டி என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர்கள்!

இனி ரப்பருக்கு வருவோம். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் கூப்பிடு தூரம். அங்கே மாவட்ட நில அலுவலகத்துப் பக்கம் வேலி போட்டு ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகள் முளைத்து, அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை அன்றைய பேராக் ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்த வரிசையில் மிச்சம் இருப்பது இந்த ஒன்று. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததற்கும், லயத்து வீடுகளுக்கும், விடியற்காலைப் பெரட்டுக்கும் அதுவே வேர்.

முதல் உலகப் போர் முடிந்தபோது ரப்பர்தான் அந்தக் காலத்து 'முக்கியக் கனிமம்'. கார் டயர் இல்லாமல் அமெரிக்காவே இல்லை. உலக ரப்பரில் பெரும்பகுதியை அமெரிக்கா வாங்கியது, பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் விளைவித்தன. 1920-க்குப் பிறகு விலை விழுந்தது. லண்டன் துரைமார் கூடி, 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டு வந்தார்கள். அதை வகுத்த குழுவை அமைத்தவர் அதற்குச் சற்று முன்வரை காலனி அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில். மலாயாவும் இலங்கையும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம், மீறினால் வரி ஏறும் என்று கட்டுப்பாடு. சீனா இப்போது செய்வதை நூறு வருஷத்துக்கு முன் பிரிட்டன் செய்தது, அதுவும் நம் தோட்டங்களை வைத்து. 1925-இல் ரப்பர் ஒரு பவுண்டு எடை ஒரு அமெரிக்க டாலரைத் தாண்டியது. பங்குதாரர்களுக்குக் கொண்டாட்டம்.

வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. அன்றைய அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் வாஷிங்டனிலிருந்து கூச்சல் போட்டார். ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி 1926-இல் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் குத்தகைக்கு எடுத்தது. ஹென்றி ஃபோர்டு அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்று ஊரே கட்டப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். பழைய டயரை உருக்கி மறுபடி பயன்படுத்துவது பெருகியது. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டத்தில் சேராத டச்சுக்காரர்களின் சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிறுதோட்டக்காரர்கள் மரத்தை நட்டுத் தள்ளினார்கள். 1928 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. நான்கு வருஷத்தில் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, ரப்பர் பவுண்டுக்கு மூன்று அமெரிக்கக் காசு என்ற அளவுக்கு வந்து நின்றது.

துரைமாருக்கு ஈவுத்தொகை குறைந்தது. தோட்டத்தில் என்ன நடந்தது? 1930-க்கும் 1932-க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கூலி வெட்டு. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் பால் மரம் வெட்டியவர் எவரும் இல்லை. விலை விழுந்தபோது முதலில் பெயர் வெட்டப்பட்டது அவர்களுக்குத்தான்.

இரண்டாவது அடி இன்னும் பெரியது. 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் 90 விழுக்காடு ஒரே அடியில் நின்றது. இங்கே, வாங்க ஆள் இல்லாமல் தோட்டங்கள் முடங்கின. வேலையில்லாமல் நின்ற தமிழர்களைத்தான் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் இல்லாத தோட்டம் அபூர்வம். அங்கே, அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டி, டயர் கம்பெனிகளையும் எண்ணெய்க் கம்பெனிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. 1941-இல் சில நூறு டன்னாக இருந்த பொதுப் பயன்பாட்டுச் செயற்கை ரப்பர், 1945-இல் மாதத்துக்கு 70,000 டன் ஆனது. போர் முடிந்து நம் மரங்களில் மறுபடி பால் வடிந்தபோது பழைய பிடி போய்விட்டிருந்தது. இன்று உலகம் பயன்படுத்தும் ரப்பரில் பாதிக்கு மேல் செயற்கை. மலேசியாவின் சொந்த ரப்பர் உற்பத்தியோ வருஷத்துக்கு 4 லட்சம் டன்னுக்கும் கீழே; கையுறை ஆலைகளுக்காக வெளிநாட்டு ரப்பரை இறக்குமதி செய்கிறோம். சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும், பால் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை.

இந்தக் கதையை வைத்துச் சீனாவின் பிடியும் தளர்ந்துவிடும் என்று சொல்லலாமா? ஓரளவு சொல்லலாம். 2010 செப்டம்பரில் சென்காகு தீவுப் பக்கம் படகு மோதிய தகராறில் ஜப்பானுக்குச் சீனா அரிய மண் அனுப்புவது நின்றது. அதற்கு முன் ஜப்பானின் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவிலிருந்து வந்தது. இப்போது சுமார் ஆறு பங்கு. பயன்பாட்டைக் குறைத்தார்கள், கையிருப்பு சேர்த்தார்கள், 2011-இல் சோஜிட்ஸ் நிறுவனமும் ஜப்பானிய அரசு நிறுவனமும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனஸ் என்ற அரிய மண் கம்பெனிக்கு 250 மில்லியன் டாலர் கொடுத்தன. பி.எம்.டபிள்யூ அரிய மண் காந்தமே இல்லாத மோட்டாரைக் காரில் வைத்து விற்கிறது. ஆனால் பத்தில் ஒன்பதை ஆறாக்க ஜப்பான் மாதிரி ஒரு நாட்டுக்கே 15 வருஷம் ஆகியிருக்கிறது.

ரப்பருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. ரப்பர் பெரிய சந்தை. போட்டிக்கு வந்தவனுக்குப் பிழைக்க இடம் இருந்தது. அரிய மண்ணின் மொத்தச் சந்தை, எண்ணெயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. சீனா கொஞ்சம் கூடுதலாக விற்றாலே விலை சரிந்து, புதிதாக வந்தவன் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். 2011-இல் விலை வானத்துக்கு ஏறியபோது மவுண்டன் பாஸைத் திரும்பத் திறந்த மோலிகார்ப் கம்பெனி, 2015-இல் திவாலானது. அதனால்தான் இப்போது அடிமட்ட விலை உத்தரவாதம்.

இதற்குள் பேராக் எங்கே வருகிறது? நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. ஈப்போவைத் தாண்டி மெங்லெம்பு, லாஹாட் பக்கம் போனால் புக்கிட் மேரா. கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பங்கள் (வெள்ளீயச் சுரங்கங்கள்) ஓடிய காலத்தில் ஈயத்தை அலசி எடுத்தபின் மிஞ்சும் கறுத்த மணலுக்கு அமாங் என்று பெயர். அதில் மோனசைட், செனோடைம் என்ற கனிமங்கள் கிடந்தன. அவற்றிலிருந்து இட்ரியமும் மற்ற அரிய மண்ணும் எடுக்க, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் 35 விழுக்காடு பங்கோடு ஏசியன் ரேர் எர்த் என்ற கம்பெனி 1979-இல் அமைந்து, 1982-இல் ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பானின் கலர் டிவிக்கு நம் அமாங்.

மோனசைட்டோடு கூடவே வருவது தோரியம், கதிரியக்கம் உள்ளது. இதில் ஒரு வேடிக்கை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு காலத்தில் கேஸ் விளக்கு ஏற்றுவார்களே, பெட்ரோமாக்ஸ், அதில் வெள்ளை வலையாகத் தொங்கிய மாண்டில் முழுக்கத் தோரியம் ஆக்சைடு, துளி சீரியத்தோடு. 1909-இல் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஜெர்மானியர் ஒருவர் மோனசைட்டைக் கண்டுபிடித்துத் தோண்டக் காரணமே அந்த மாண்டில்தான். அன்றைக்குத் தோரியம் சரக்கு, அரிய மண் கழிவு. இன்று தலைகீழ். எது சரக்கு, எது கழிவு என்பதை வாங்குகிறவன் தீர்மானிக்கிறான். கழிவு மட்டும் எப்போதும் தோண்டிய ஊரிலேயே தங்கிவிடுகிறது.

புக்கிட் மேராவில் தங்கியது அப்படித்தான். கழிவைப் பாப்பானில் புதைக்கப் போனபோது 1984-இல் ஊர் மக்கள் மறித்தார்கள். 1985-இல் புக்கிட் மேரா வாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். குழந்தைகளுக்கு ரத்தப் புற்று, பிறவிக் குறைபாடு என்று ஊரார் அடுக்கினார்கள். ஆலை காரணம் இல்லை என்று கம்பெனி மறுத்தது. 1992 ஜூலையில் ஆலையை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சட்டப்படி ஜெயித்த கம்பெனி, அடுத்த மாதமே ஆலையை மூடுவதாக அறிவித்தது. துப்புரவுச் செலவு சுமார் 100 மில்லியன் அமெரிக்க டாலர் என்று பின்னாளில் செய்தி வந்தது. கழிவு இன்று கிளேடாங் மலைத்தொடரில் புதைந்து கிடக்கிறது. இப்பவும் ஈப்போ நெடுஞ்சாலையில் போகும்போது பெரியவர்கள் அந்த மலையைக் கைநீட்டிக் காட்டுவார்கள்.

பிறகு லைனஸ். ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்டில் தோண்டிய தாதுவை 2012 முதல் பகாங் மாநிலத்துக் கெபெங்கில் பிரிக்கிறார்கள். சீனாவுக்கு வெளியே இந்த அளவில் அரிய மண் பிரிக்கும் ஆலை என்றால் அதுதான். 2025 மே மாதம் அங்கே டிஸ்புரோசியம் ஆக்சைடும், ஜூனில் டெர்பியமும் எடுத்தார்கள். சீனாவுக்கு வெளியே வணிக அளவில் கனரக வகையைப் பிரித்தது பெரிய விஷயம். ஆக, வித்தை மலேசிய மண்ணிலேயே நடக்கிறது. ஆனால் கம்பெனி ஆஸ்திரேலியாவுடையது, கடன் கொடுத்தது ஜப்பான், சரக்கும் பெரும்பாலும் ஜப்பானுக்கு. தோரியம் கலந்த கழிவு, ஆலை இருக்கும் குவாந்தானுக்கு. இதைச் சொன்னால் லைனஸுக்கு எதிரி என்று முத்திரை குத்துவார்கள். நான் எதிரி இல்லை. அங்கே வேலை செய்யும் மலேசியப் பொறியாளர்கள் கற்றுக்கொண்டதற்கு மதிப்பு உண்டு; அந்த மதிப்பு நாட்டின் கையில் வந்து சேர ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது, கதிரியக்கம் குறைவு என்று சொல்லப்படும் புதிய வகை. கருங்கல் பாறை மழையிலும் வெயிலிலும் மக்கிக் களிமண்ணாகும்போது, அரிய மண் அயனிகள் களிமண் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கும். தென்சீனாவிலும் மியன்மாரின் கச்சின் மாநிலத்திலும் டிஸ்புரோசியமும் டெர்பியமும் பெரும்பாலும் இப்படிப்பட்ட மண்ணிலிருந்துதான் வருகின்றன. பேராக்கில் இதற்கான முன்னோடித் திட்டம் உலு பேராக்கின் கெனெரிங்கில் 2022-இல் தொடங்கியது. மலையை வெட்டுவதில்லை. மேட்டில் துளைகள் போட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை இறக்குவார்கள். தோட்டத்தில் உரமாகப் போடும் அதே அம்மோனியம் சல்ஃபேட்தான். அம்மோனியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அரிய மண்ணை விடுவிக்கும். கீழே ஒழுகி வரும் கரைசலைப் பிடித்து, படிய வைத்து, கார்பனேட்டாக எடுப்பார்கள். ஒழுகுவதெல்லாம் பிடிபட்டால் நல்லது. பிடிபடாவிட்டால்? தென்சீனாவின் கான்சோ நகரப் பகுதியில் இதே முறையில் கெட்ட நிலத்தையும் ஓடைகளையும் சீர்ப்படுத்த 38 பில்லியன் யுவான் தேவைப்படும் என்று 2012-இல் சீன அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். கெனெரிங் இருப்பது பேராக் ஆற்றோரம். அந்த ஆறு லெங்கோங்கையும் கோலகங்சாரையும் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது.

நாட்டில் 16.1 மில்லியன் டன் இருக்கிறது என்ற எண்ணை மேடைக்கு மேடை கேட்கிறோம். மதிப்பீட்டுக்கும் தோண்டி லாபம் பார்க்கும் கையிருப்புக்கும் தூரம் அதிகம். இந்தக் களிமண்ணில் ஆயிரம் கிலோவுக்கு ஒரு கிலோ அரிய மண் கிடைத்தால் நல்ல மண் என்பார்கள். 2023 செப்டம்பரில் தடையை அறிவித்தபோது, இத்தொழில் 2025-இல் நாட்டு வருமானத்துக்கு 9.5 பில்லியன் வெள்ளி சேர்க்கும், ஏறக்குறைய 7,000 வேலைகள் வரும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னார். தடையை நான் ஆதரிக்கிறேன். இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியை நிறுத்தியதும் உருக்காலைகள் வரிசை கட்டி வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சீனப் பணத்திலும் சீன வித்தையிலும் எழுந்தவை. வாசலை மூடினால் ஆலை வரும். வித்தையும் கூடவே கைமாறும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நாமும் வாங்குகிறவர்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு பெரும்பாலும் நடக்கிறது. உலகில் சிப் பொருத்திச் சோதித்து உறையிடும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு மின், மின்னணுப் பொருள். சுங்கை சிப்புட் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். காலியமும் ஜெர்மேனியமும் காந்தமும் வராவிட்டால் அவர்கள் வேலையும்தான் தள்ளாடும். ஈயத்தில் உலகத்துக்கே முதலாளியாக இருந்த நாடு, இன்று பற்றவைப்புக்கு வேண்டிய ஈயத்தை உருக்க வெளிநாட்டுத் தாதுவையும் இறக்கிக்கொண்டிருக்கிறது. கெபெங்குக்குப் பக்கத்தில் காந்த ஆலை கட்டக் கொரிய நிறுவனம் ஒன்று லைனஸோடு 2025-இல் பேசத் தொடங்கியது. எழும்பினால், மண்ணிலிருந்து காந்தம் வரை ஒரே நாட்டில் நடக்கும். அதில் உள்ளூர்ப் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தே அதன் லாபம் யாருக்கு என்று சொல்ல முடியும்.

கடைசியாக, ஒட்டுக்கடையில் யாரும் பேசாத ஒரு சங்கதி. நிலமும் சுரங்கமும் அரசியலமைப்புப்படி மாநில அதிகாரம். உங்கள் பெயரில் கெராண் (நிலப் பட்டா) இருந்தாலும், 1965 தேசிய நிலச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி அடியில் உள்ள கனிமம் மாநில அரசுடையது. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் கூட்டுறவுக்குப் பணம் கட்டி நிலம் வாங்கினோமே, அந்த நிலத்துக்கும் இதே விதிதான். கோலாலம்பூரில் யார் எதில் கையெழுத்துப் போட்டாலும், எந்த மேட்டில் துளை போடலாம் என்று அனுமதி கொடுக்கும் இடம் ஈப்போவில் இருக்கிறது. 2015 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையின் இரண்டாம் அட்டவணைக்குள் வரும் திட்டமாக இருந்தால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஆலயக் கமிட்டியிலோ பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ அந்த மொழியை நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட வைத்துக்கொண்டு நீர் பற்றிய அத்தியாயத்தை முதலில் புரட்டுங்கள்: கரைசல் எந்த மேட்டில் இறங்குகிறது, எந்தப் பள்ளத்தில் பிடிக்கிறார்கள், தப்பினால் எந்த ஓடை வழியாக எந்த ஆற்றில் சேரும், அம்மோனியா அளவை யார் எத்தனை நாளைக்கு ஒருமுறை அளக்கிறார்கள், கம்பெனி போன பிறகு அளப்பதற்கு வைப்புத்தொகை எவ்வளவு.